வெல்டிங், கட்டிங், கிரைண்டிங்: நீலகிரியில் தீப்பிடிக்காமல் வேலை முடிக்க, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறைக்காரர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர்கள், காட்டேஜுக்குக் கூரை மாற்றும் காண்ட்ராக்டர்கள், அவர்களை வேலைக்குக் கூப்பிடும் வீட்டுக்காரர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சமவெளியை மனதில் வைத்து எழுதிய பாதுகாப்புக் குறிப்புகள் நம் மலைக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கொடைக்கானல்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தெந்த வேலையில் எல்லாம் இந்தக் கவனம் வேண்டும்? வெல்டிங் மட்டும்தானா?

இல்லை. பொறி பறக்கிற, சூடு கிளப்புகிற எல்லா வேலையும் இதில் சேரும். ராடு வெல்டிங், கேஸ் வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டர், இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷின், ஈயப் பற்றவைப்பு, பெயின்ட் உரிக்கும் டார்ச், மொட்டை மாடியில் தார் ஷீட் ஒட்டும் பர்னர் எல்லாமே. பெரிய தொழிற்சாலைகளில் இதை மொத்தமாக ‘ஹாட் ஒர்க்’ என்பார்கள். கிரைண்டரை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பதுதான் என் பெரிய கவலை. வெல்டிங் என்றால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். கிரைண்டரை எடுத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மரத்தூள் குவியலைப் பற்றவைக்க அதன் பொறியே போதும்.

ஊட்டியில் எப்போதும் குளிர், ஈரம். இங்கே எப்படித் தீப்பிடிக்கும்?

என் காதில் அதிகம் விழுவது இந்தக் கேள்விதான், நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான்.

குளிர் வேறு, ஈரம் வேறு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தலைகுந்தா, காந்தள் போன்ற பள்ளமான இடங்களில் உறைபனி விழுகிறது. அந்தப் பனியில் புல் கருகிவிடும். கருகிய புல் பகல் வெயிலில் காய்ந்து சருகாகும். கோடை மழை சரியாக இறங்கும் வரை, ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரை, மலை முழுக்க எரிபொருள் விரித்துக் கிடப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கைவிரல் விறைக்கிற குளிரிலும் அந்தப் புல் பற்றும்.

அடுத்தது மரங்கள். கற்பூர மரத்தின் இலையிலும் பட்டையிலும் எண்ணெய் இருக்கிறது. சீகை (வாட்டில் மரம்), பைன், சைப்ரஸ் இவற்றின் சருகும் மொறமொறவென்று காய்ந்து மெத்தைபோல் சேரும். நம் வீடுகளும் அப்படித்தான்: தகரக் கூரைக்கு அடியில் மரச்சட்டம், மர சீலிங், மரத் தரை.

பிறகு சரிவு. தீ மேல்நோக்கி வேகமாக ஏறும், ஏனென்றால் சுடரும் வெப்பமும் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று காட்டுத்தீ பற்றிப் படிப்பவர்கள் ஒரு மோட்டாக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெயில் அடிக்கும் பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேலேதான் வீசும். அதனால் சரிவான இடத்தில் வேலை என்றால், மேல்புறத்தைத்தான் அதிக தூரம் சுத்தம் செய்ய வேண்டும். பலர் பொறி கீழேதான் விழும் என்று கீழ்ப்பக்கத்தை மட்டும் கூட்டி வைக்கிறார்கள்.

கடைசியாக, தூரம். தீயணைப்பு வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, எஸ்டேட் மண்பாதையில் திரும்பி வர வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் உங்களிடம் இருக்கும் தண்ணீரும் உங்களோடு நிற்கும் ஆட்களும்தான் தீயணைப்புப் படை.

பொறி எவ்வளவு தூரம் போகும்?

கிடையாக 11 மீட்டர், அதாவது 35 அடி தூரத்துக்குள் பற்றக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 51பி விதி. உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் இந்த அளவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதைக் குறைந்தபட்சமாக வையுங்கள். கூரைமேல் வேலை, அதோடு காற்றும் வீசுகிறது என்றால் 35 அடி பத்தாது. உயரத்திலிருந்து விழும் உலோகத் துளி தரையில் பட்டுத் தெறித்து உருண்டு, பலகை இடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நகர்த்தக்கூடியதை நகர்த்துங்கள். நகர்த்த முடியாததைத் தீத்தடுப்புப் போர்வையாலோ தகரத்தாலோ மூடுங்கள். சாதாரணத் தார்ப்பாய் போட்டு மூடுவது, எரிவதற்கு இன்னொரு பொருளைக் கொண்டுவந்து வைப்பது போல. தரையில் இருக்கும் ஓட்டை, பலகைச் சந்து, குழாய் நுழையும் துளை எல்லாவற்றையும் அடையுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு இரும்புக் கம்பி சுவரைத் துளைத்துப் போகிறது என்றால், இந்தப் பக்கம் நீங்கள் வைக்கும் சூடு அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

வேலை முடிந்தது, மெஷினை ஏற்றியாச்சு. அப்புறமும் ஏன் ஓர் ஆள் நிற்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

வெல்டிங்கால் வரும் தீ பெரும்பாலும் வெல்டர் இருக்கும்போது வருவதில்லை. அவர் கண்முன் பற்றினால் காலால் மிதித்தே அணைத்துவிடுவார். பொறி மரத்தூளிலோ பழைய உத்தரத்தின் வெடிப்பிலோ சாக்குக் குவியலிலோ விழுந்து, சுடர் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மெல்லிய புகைகூட வெளியே தெரியாமல் இருக்கலாம். காற்றுக்கு வழி கிடைத்ததும், அரை மணியிலோ மூன்று மணி நேரத்திலோ, சுடராக எழும். அப்போது இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். மாலை நாலரைக்கு வேலை முடித்து, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கும் நம் ஊர் வழக்கத்தில் இது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

மேலே சொன்ன 51பி விதியில் முன்பு, வேலை முடிந்தபின் அரை மணி நேரம் காவல் இருந்தால் போதும் என்று இருந்தது. 2019 பதிப்பில் அதை ஒரு மணி நேரமாகக் கூட்டினார்கள். மரக் கட்டடம், பழைய பங்களா, தேயிலைத் தொழிற்சாலை என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் இரவு படுக்கப்போகும் வரை இடையிடையே போய்ப் பார்க்கச் சொல்வேன். கையை வைத்துப் பாருங்கள், மோந்து பாருங்கள். கருகல் வாசனை கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் தெரியும்.

இன்னொரு வழி, பொறி வேலையைக் காலையில் முடிப்பது. மதியம் பெயின்ட் அடிக்கலாம், அளவு எடுக்கலாம், ஏதாவது பொருத்தலாம். இடத்தில் ஆட்கள் இருப்பதால் காவலுக்குத் தனிச் செலவு இல்லை. நான் பார்த்தவரை இதைவிட எளிதான, இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை.

காவலுக்கு யாரை நிறுத்துவது? ஹெல்பர் போதாதா?

ஹெல்பர் நிற்கலாம், ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ராடு எடுத்துக் கொடு, டீ வாங்கி வா என்றால் அது காவல் இல்லை. முகமூடி போட்டிருக்கும் வெல்டருக்கு ஆர்க்கை, அதாவது ராடு நுனியில் எரியும் வெளிச்சத்தைத் தவிர எதுவும் தெரியாது. அவருக்குப் பின்னால் பற்றுவதைப் பார்க்கவே இன்னொருவர். தீயணைப்பானை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும், ‘நிறுத்து’ என்று சொல்லும் தைரியம் வேண்டும், கையில் சிக்னல் கிடைக்கும் போன் வேண்டும். இரண்டு மாடிக்கும் பொறி போகும் என்றால் இரண்டு ஆட்கள்.

பழைய பங்களாவில் தகரக் கூரை மாற்றுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இருட்டு இடத்தை. ஐம்பது அறுபது வருடத் தூசி, எலிக்கூடு, குருவிக்கூடு, காய்ந்த சருகு, பழைய வயர் எல்லாம் அங்கே இருக்கும். ஒரு பொறி உள்ளே போனால் கீழே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. முதலில் அதைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். முடிந்தவரை சட்டங்களைக் கீழே வைத்து வெல்டிங் செய்து, மேலே போல்ட் போட்டு மாட்டுங்கள். கூரைமேல் பொறி வேலையே இல்லாமல் வேலையை முடிக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ வந்தபிறகு பெரும்பாலும் முடிகிறது.

ஆடிக் காற்றில் தகரம் பறந்துவிட்டது, உடனே பற்றவைத்துத் தா என்று அவசரப்படுத்துவார்கள். அந்தக் காற்றிலேயே கூரைமேல் ஏறி வெல்டிங் செய்யாதீர்கள். பொறி எங்கே போகும் என்றும் சொல்ல முடியாது, ஆள் எங்கே விழுவார் என்றும் சொல்ல முடியாது.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் வெல்டிங் செய்யலாமா?

செய்யாமல் தொழிற்சாலை ஓடாது. எப்போது, எப்படி என்பதுதான் விஷயம்.

தேயிலைத் தூசியும் ஃபைபரும் (தேயிலை நார்) உத்தரத்தின்மேல், லைட்டின்மேல், கன்வேயருக்கு அடியில் பஞ்சுபோலப் படிந்திருக்கும். படிந்த நிலையில் அது கனலும். கம்ப்ரசர் காற்று வைத்து ஊதிப் பறக்கவிட்டால், அந்தத் தூசி மேகத்தில் ஒரு பொறி பட்டு மொத்தமாகப் பற்றக்கூடும். எனவே கூட்டி அள்ளுங்கள் அல்லது வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள், ஊதாதீர்கள். வேலை செய்யும் இடத்தையும் அதற்கு மேலே இருக்கும் உத்தரங்களையும் சேர்த்தே.

டிரையரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கிரைண்டர் போட்டால், பொறியைக் காற்றுக் குழாயான டக்ட் உறிஞ்சி, கண்ணுக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய்ப் போடும். ஃபேனை நிறுத்துங்கள், டக்ட் வாயை மூடுங்கள். பழைய தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் தளம் மேல்மாடியில், மரத் தரையோடு இருக்கும். கீழே வெல்டிங் நடந்தால் மேலேயும் ஓர் ஆள் வேண்டும். ஹீட்டருக்கு அடுக்கிவைத்த விறகு, மூட்டை கட்டிய ஃபைபர் கழிவு, பேக்கிங் பைகள் இவற்றை 35 அடிக்கு அப்பால் தள்ளுங்கள். முடிந்தால் வார விடுமுறையில், மெஷின் குளிர்ந்தபின், காலையில் தொடங்குங்கள்.

காளான் ரூம், குளிர்பதன அறை இவற்றின் பேனலில் வெல்டிங் செய்யலாமா?

கூடாது. உள்ளே இருக்கும் பஃப் (பாலியூரித்தேன் நுரை), தெர்மோகோல் இரண்டும் தகரத்துக்கு நடுவே மறைவாக எரியும், நஞ்சுப் புகை கக்கும், தண்ணீர் உள்ளே போகாது. 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் விமான நிலையத்தில் மேலே சாலையில் நடந்த வெல்டிங், கீழே கூரைக்குள் இருந்த தெர்மோகோல் வகைக் காப்புப் பொருளைப் பற்றவைத்தது. 17 பேர் இறந்தார்கள். அத்தனை வசதி உள்ள இடத்திலேயே அதுதான் நடந்தது. பேனலைக் கழற்றி வெளியே எடுத்தபின் சட்டத்தில் வேலை செய்யுங்கள், இல்லையென்றால் போல்ட் போடுங்கள். சவுண்டுக்காகத் தெர்மோகோல் ஒட்டிய ரிசார்ட் ஹாலுக்கும் இதே பதில்.

தைலம் காய்ச்சும் கொட்டகையில்?

யூகலிப்டஸ் தைலம் ஏறத்தாழ 49 டிகிரி சூட்டிலேயே பற்றக்கூடிய ஆவியைக் கிளப்பும். காய்ச்சும் அண்டாவும் குழாயும் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். அண்டாவைக் காலி செய்து, கழுவி, வெளியே கொண்டுவந்து, தைலம் நிரப்பிய கேன்களைத் தூரமாக வைத்த பிறகு மட்டும் வெல்டிங் செய்யுங்கள். கொட்டகைக்குள் வேண்டாம்.

பழைய டிரம்மை வெட்டி அடுப்பு, வெந்நீர் பாய்லர் செய்யச் சொல்கிறார்கள். காலி டிரம்தானே?

காலி டிரம் நிறைந்த டிரம்மைவிட ஆபத்தானது. டீசலோ தின்னரோ பெயின்டோ இருந்த டிரம்மில், ஓரமடிப்பில் ஒரு ஸ்பூன் மிச்சம் இருந்தாலும் போதும். அந்த ஆவி உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து வெடிக்கும் அளவுக்கு வந்துவிடும். டீசல் சாதாரணச் சூட்டில் அவ்வளவாக ஆவியாகாது, அதனால் வாசனையே இல்லை என்று தைரியமாக ஆரம்பிப்பார்கள். டார்ச்சின் சூடு பட்டதும் ஒட்டியிருக்கும் எண்ணெயும் தாரும் ஆவியாகிவிடும். டிரம்மின் மூடி பிய்த்துக்கொண்டு, குனிந்து வேலை செய்பவரின் முகத்துக்கு வரும்.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆம் பிரிவே, தீப்பற்றும் பொருள் இருந்த தொட்டியையோ கலனையோ அந்தப் பொருளையும் ஆவியையும் நீக்காமல் வெல்டிங், கட்டிங் செய்யக் கூடாது என்று சொன்னது. மூடியைத் திறந்துவைப்பது நீக்குவது ஆகாது. சோப்புத் தண்ணீரால் ஒருமுறை அலசுவதும் ஆகாது. நீராவியோ கொதிநீரோ விட்டு நன்றாகக் கழுவி, வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, காற்று வெளியேற வழி விட்டு, காஸ் டிடெக்டர் வைத்துப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். சின்னப் பட்டறையில் இதெல்லாம் நடக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: எண்ணெய் டிரம்மில் அடுப்பு செய்யாதீர்கள், புதுத் தகடு வாங்கிச் செய்யுங்கள். தோட்டத்து மருந்து டிரம் என்றால் தொடவே தொடாதீர்கள். சூடு பட்டால் அந்தப் புகையே ஆளைச் சாய்த்துவிடும்.

லாரி, ஜீப் டீசல் டேங்க்குக்கும் பெட்ரோல் டேங்க்குக்கும் இதே பதில்தான்.

குளிர்காலத்தில் காஸ் சிலிண்டரில் பிரஷர் வரவில்லை. அடியில் நெருப்பு காட்டலாமா?

கூடவே கூடாது. ஊட்டியில் ஜனவரி காலையில் இதைச் செய்கிறவர்கள் உண்டு, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

காரணம் இது: எல்பிஜி என்பது புரோபேன், பியூட்டேன் கலவை. புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேதான் ஆவியாகும். சுற்றிலும் இரண்டு மூன்று டிகிரி குளிர் என்றால் பியூட்டேன் சோம்பலாகிவிடும், பிரஷர் விழும். கட்டிங் டார்ச் வேகமாக இழுக்க இழுக்க சிலிண்டர் இன்னும் குளிரும், வெளியில் வெள்ளையாகப் பனி பூக்கும். நெருப்புக் காட்டினால் ஓர் இடம் மட்டும் சூடேறி இரும்பு பலவீனமாகும், வால்வில் கசிவு இருந்தால் அங்கேயே பற்றிக்கொள்ளும்.

வெயில் ஏறியபின் வேலையைத் தொடங்குங்கள். வேகமாக இழுக்கும் வேலை என்றால் இரண்டு சிலிண்டரை முறையான மேனிஃபோல்டில் இணைத்து, இழுப்பைப் பிரித்துவிடுங்கள். ரெகுலேட்டர் உறைந்தால் கை பொறுக்கும் வெந்நீரில் நனைத்த துணி போதும். சமையலுக்கு வரும் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைப் பட்டறையில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். சரிவில் கட்டிய வீடுகளில் மேல் தளத்தில் கசிந்த காஸ் கீழ்த் தளத்து அறையில் வந்து நிற்கும். சிலிண்டரை எப்போதும் வெளியே, காற்றோட்டமான இடத்தில், படிக்கட்டுக்கும் சாக்கடைக்கும் தள்ளி வையுங்கள்.

ஆக்ஸிஜன், அசிட்டிலின் சிலிண்டர்களில் வேறு என்ன?

கறுப்பு நிறச் சிலிண்டர் ஆக்ஸிஜன், மெரூன் நிறம் அசிட்டிலின். ஆக்ஸிஜன் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய், கிரீஸ் ஒரு துளிகூடப் படக் கூடாது. அழுத்தமான ஆக்ஸிஜனில் எண்ணெய் தானாகவே பற்றும். ஜீப்பில் கிரீஸ் கையோடு சிலிண்டர் ஏற்றுகிற ஹெல்பரை முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். சட்டையில் ஒட்டிய தூசியை ஆக்ஸிஜனால் ஊதுவதும் கூடாது. ஆக்ஸிஜன் ஊறிய துணி ஒரு பொறியில் குப்பென்று பற்றும்.

அசிட்டிலின் சிலிண்டரை நிறுத்தியே வைக்க வேண்டும், உள்ளே அசிட்டோனில் கரைந்துதான் காஸ் இருக்கிறது. மலைப்பாதையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே திறக்க வேண்டும். அழுத்தம் 15 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. இரண்டு லைனிலும் சுடர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இருக்க வேண்டும். செலவைப் பார்த்து ஒன்றில் மட்டும் போடாதீர்கள். கார்பைடு வைத்து காஸ் தயாரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் ஊர் மூடுபனியின் ஈரமே கார்பைடு டின்னுக்குள் காஸ் கிளப்பப் போதுமானது. டின் மூடி இறுக்கமாக இருக்கட்டும், திறக்கும்போது சுத்தியலால் தட்டிப் பொறி கிளப்பாதீர்கள்.

மூடுபனியில், தூறலில் ராடு வெல்டிங் செய்தால் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் ஆர்க் இல்லாத நேரத்தில் ராடு மாட்டும் ஹோல்டரில் 80 வோல்ட் வரை நிற்கும். காய்ந்த கைக்கு அது பெரிதாகத் தெரியாது. நனைந்த கிளவுஸ், ஈரச் சட்டை, இரும்புச் சட்டத்தின்மேல் முழங்கால் என்றால் உயிர் போகும். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) போட்டிருக்கிறேனே என்பார்கள். அது மெஷினுக்கு வரும் வயரைக் காக்கும், ஹோல்டர் பக்கத்தைக் காக்காது. காய்ந்த கிளவுஸ் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், காலடியில் காய்ந்த பலகையோ ரப்பர் மேட்டோ போடுங்கள், மழை விட்டபின் செய்யுங்கள்.

தீக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. எர்த் கிளாம்பை (கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் வயரின் கவ்வி) வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எங்கோ கூரைச் சட்டத்தின் மூலையில் மாட்டினால், கரண்ட் திரும்பி வர வழி தேடி, தண்ணீர்க் குழாய், செயின், பேரிங் என்று போகும். லூசான இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே சிவக்கும்.

குளிருக்கு ஸ்வெட்டர், ஜெர்கின் போட்டுக்கொண்டு வேலை செய்யலாமா?

நைலான் ஜெர்கின், அக்ரிலிக் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா இவை பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். குளிருக்கு உள்ளே அசல் கம்பளியோ கனமான பருத்தியோ போட்டு, வெளியே லெதர் ஏப்ரன், லெதர் கைமூடி அணியுங்கள். பேன்ட் மடிப்பை அவிழ்த்துவிடுங்கள், பொறி அதற்குள்தான் விழும். சட்டைப்பையில் லைட்டர் வேண்டாம்.

ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய தகரம்) வெல்டிங் செய்தால் இரவு குளிர் காய்ச்சல் வருகிறது. ஊட்டிக் குளிர்தானே?

பெரும்பாலும் இல்லை. துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால், நாலிலிருந்து பத்து மணி நேரம் கழித்து நடுக்கம், காய்ச்சல், உடல்வலி, வாயில் இரும்புச் சுவை எல்லாம் வரும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதனால்தான் மலைக்குப் புதிதாக வந்த வெல்டர்கள் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாரமும் அதே புகையைக் குடிக்கிறார்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. பற்றவைக்கும் கோட்டில் பூச்சைத் தேய்த்து எடுங்கள், புகை முகத்தில் வராதபடி காற்றைப் பார்த்து நில்லுங்கள், குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்தாதீர்கள். மூச்சு வாங்கினாலோ இரண்டு நாளில் விடாவிட்டாலோ மருத்துவரிடம் என்ன வேலை செய்தீர்கள் என்பதைச் சொல்லிக் காட்டுங்கள்.

எந்தத் தீயணைப்பான் வாங்கலாம்?

ஆறு கிலோ ஏபிசி பவுடர் ஒன்று, கையெட்டும் தூரத்தில். முள் பச்சையில் நிற்கிறதா என்று தினமும் பாருங்கள். ஆனால் பவுடர் சுடரைத்தான் அடக்கும், உள்ளே கனலும் மரத்தூளையும் உத்தரத்தையும் குளிர்விக்காது. அதற்குத் தண்ணீர்தான். எஸ்டேட்டில் முதுகில் மாட்டும் ஸ்ப்ரேயர் இருக்கிறதல்லவா, மருந்து அடிக்காத புது ஸ்ப்ரேயர் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். புல்லுக்கும் மரத்தூளுக்கும் அருமையாக உதவும். உறைபனிக் காலையில் குழாயும் வாளியும் உறைந்திருக்கலாம், வேலை தொடங்கும் முன் திறந்து பாருங்கள். கரண்ட் இருக்கும் இடத்தில் மெயினை அணைக்காமல் தண்ணீர் அடிக்காதீர்கள்.

நாங்கள் சின்னப் பட்டறை. பெர்மிட் எல்லாம் வேண்டுமா?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எங்கே, என்ன வேலை, யார் செய்கிறார், காவலுக்கு யார், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, எதை நகர்த்தினோம், கடைசியாக எத்தனை மணிக்குப் பார்த்தோம். கீழே கையெழுத்து. அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் அது செல்லும். எழுதுவதற்காகவாவது ஒருமுறை இடத்தைச் சுற்றி நடப்பீர்கள், அதுதான் பயன்.

காட்டோரத்தில் வேலி, கேட் வேலை. யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

காப்புக்காட்டை ஒட்டிய இடம் என்றால் வனத்துறையினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோடையில் முடிந்தவரை பட்டறையிலேயே செய்து எடுத்துப் போய் மாட்டுங்கள். அங்கேயே செய்ய வேண்டுமானால், புல்லையும் உண்ணிச் செடியையும் வெட்டி, மண் தெரியும்வரை கொத்தி, தண்ணீர் தெளித்து, காற்று எழும்பும் முன் காலையில் முடியுங்கள்.

சைட்டில் தங்கும் ஆட்கள் இரவில் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

மூடிய அறையில் கூடாது. கரி அடுப்பும், பார்பிக்யூ சட்டியும், ஷெட்டுக்குள் ஓடும் ஜெனரேட்டரும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஆட்களுக்கு நல்ல கம்பளி வாங்கிக் கொடுங்கள்.

பற்றிக்கொண்டுவிட்டால்?

சத்தம் போட்டு எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். மெயினையும் சிலிண்டர் வால்வையும் எட்ட முடிந்தால் மூடுங்கள். 101-க்கோ 112-க்கோ உடனே கூப்பிடுங்கள். ‘அணைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கூப்பிடலாம்’ என்பது சமவெளியிலேயே தவறு, மலையில் இன்னும் தவறு. ஊர்ப் பெயரோடு எஸ்டேட் பெயர், எத்தனையாவது வளைவு, பெரிய வண்டி வரும் பாதை எது என்று சொல்லுங்கள். மெயின் ரோட்டில் வழிகாட்ட ஓர் ஆளை நிறுத்துங்கள். ஒரு தீயணைப்பான் காலியாகியும் அடங்கவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். தீயில் சூடான அசிட்டிலின் சிலிண்டர், சுடர் அணைந்த பிறகும் வெடிக்கலாம். அது எங்கே இருக்கிறது என்பதைத் தீயணைப்பு வீரர்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். புல் எரிந்தால் சரிவில் மேலே ஓடாதீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள்.

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், இங்க், எண்ணெய் எதுவும் வேண்டாம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் மிகவும் சில்லென்று இருக்கும், அதனால் காயத்தை மட்டும் நனைத்து, உடம்பின் மற்ற பகுதியைக் கம்பளியால் போர்த்துங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. ஆர்க் வெளிச்சம் பட்டு இரவில் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தினால், உருளைக்கிழங்கு வைத்துக் காலம் கடத்தாமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

நான் வீட்டுக்காரர், வெல்டர் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

நிறைய. வெல்டர் வருவதற்கு முன் விறகு, சாக்கு, திரைச்சீலை, பெயின்ட் டின் எல்லாவற்றையும் நீங்களே அப்புறப்படுத்தலாம். தண்ணீர்க் குழாயில் ஹோஸ் மாட்டித் தயாராக வைக்கலாம். ‘தீயணைப்பான் கொண்டுவருவீர்களா? காவலுக்கு யார் நிற்பார்?’ என்று கூலி பேசும்போதே கேட்டுவிடுங்கள். சாயங்காலம் அவசரப்படுத்தாதீர்கள். வேலை முடிந்தபின் ஓர் ஆள் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும் என்று சொல்லி, அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.